கடைசி வாஃபிள் யாருக்கு?

உலகத்தில் உள்ள டிபன்களை எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். இட்லிக் கட்சி, தோசைக் கட்சி.

இட்லி ஒரே ஈடில் பதினாறு வெந்துவிடும். ஆவி பறக்கத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு எல்லோரும் உட்காரலாம், ஊற்றியவர் உள்பட. தோசை அப்படியில்லை. ஒவ்வொன்றாகத்தான் வரும். வந்தவுடன் சாப்பிட்டாக வேண்டும். ஆறிவிட்டால் அது வேறு பதார்த்தம். ஆக, நாலு பேர் உட்கார்ந்து முறுகலாகத் தோசை சாப்பிட வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் கிடையாது. மாவின் சுபாவம் அப்படி.

வாஃபிள், தோசைக் கட்சி.

இப்போது சென்னையில் மால்களில் எல்லாம் வாஃபிள் கடை வந்துவிட்டது. சாக்லேட்டை வாளியில் மொண்டு ஊற்றினாற்போல் ஊற்றி, குச்சியில் குத்தி, அட்டைப் பெட்டியில் தருகிறார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொல்வது குளிர் தேசத்து வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை காலையில், யாருக்கும் எங்கேயும் போக வேண்டியிராத நேரத்தில் வார்க்கிற வாஃபிள். மேலும் கீழும் கட்டம் கட்டமான இரண்டு இரும்புத் தகடுகள், நடுவில் மாவு. அவ்வளவுதான் விஷயம். பெல்ஜியம், ஹாலந்து பக்கத்தில் பல நூறு வருஷங்களாக இருக்கிறது. பீட்டர் ப்ரூகல் 1559ல் வரைந்த ஒரு திருவிழாப் படத்தில் தாயக்கட்டை உருட்டுகிற ஆசாமி ஒருவன் தலையில் வாஃபிளைச் செருகிக்கொண்டிருக்கிறான். ஸ்வீடன்காரர்கள் மார்ச் 25-ஐ வாஃபிள் தினமாகவே கொண்டாடுகிறார்கள். உண்மையில் அது மாதா திருநாள். அவர்கள் பாஷையில் 'மாதா நாள்' என்கிற வார்த்தையும் 'வாஃபிள் நாள்' என்கிற வார்த்தையும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால், பக்தி மெதுவாக நகர்ந்து பலகாரத்துக்கு வந்துவிட்டது. நமக்கு இது புதுசா என்ன? பல பண்டிகைகள் நமக்கும் கொழுக்கட்டையாகவும் சீடையாகவும்தான் ஞாபகம் இருக்கின்றன.

மசாலா வாஃபிள் என்றதும் மிளகாய்ப்பொடி நினைப்பு வேண்டாம். இது இனிப்பு மசாலா. பட்டை, சுக்கு, ஏலக்காய், ஜாதிக்காய், கிராம்பு. நம் அஞ்சறைப் பெட்டிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி.

பக்குவம் கேட்கிறவர்களுக்காக: மைதா இரண்டு கப், பேக்கிங் பவுடர் மூன்று டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன். பட்டைப்பொடி ஒன்றரை டீஸ்பூன், சுக்குப்பொடியும் ஏலப்பொடியும் அரை அரை, ஜாதிக்காய் துருவியது கால். கிராம்புப்பொடி ஒரே ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் பல் டாக்டர் க்ளினிக் வாசனை வந்துவிடும். முட்டை இரண்டு. மஞ்சள் கருவை ஒன்றே முக்கால் கப் பாலோடும், அரை கப் உருக்கிய வெண்ணெயோடும் அடித்து மாவில் விட வேண்டும். கட்டிகள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. ரொம்பக் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெள்ளைக் கருவைத் தனியாக நுரை பொங்க அடித்துக் கடைசியில் மெதுவாகப் புரட்டிச் சேர்க்கவேண்டும். மொறுமொறுப்பின் ரகசியம் பாதி அங்கே. மீதிப் பாதி சூட்டில். மாவை ஊற்றி மூடியதும் ஓரத்தில் ஆவி குபுகுபுவென்று வரும். அது அடங்குகிறவரை திறக்கவே கூடாது. ஆவலை அடக்க முடியாமல் திறந்தால் மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் பிய்ந்துகொண்டு வரும்.

எட்டு வாஃபிள் வரும். ஒன்றுக்கு நாலு நிமிஷம். எட்டு நாலு முப்பத்திரண்டு. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்க முடியாது. அடுக்கினால் தன் ஆவியிலேயே வெந்து தொளதொளத்துவிடும். அப்படியப்படியே தட்டுக்குப் போயாக வேண்டும்.

அதாவது, அரைமணி நேரம் ஒருவர் நின்றாக வேண்டும்.

ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் ஒவ்வொரு பாஷையிலும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 'ஹெஸெல்லிக்' என்பார்கள். டேனிஷ்காரர்கள் 'ஹூகே'. வெளியே பனி, உள்ளே கணப்பு, கையில் சூடாக ஏதோ ஒன்று, பக்கத்தில் பிடித்த மனுஷர்கள், எழுந்திருக்க அவசியமில்லாத ஒரு நிலை. நம்மூரில் குளிரே மூன்று வாரம்தான் என்பதாலோ என்னவோ, இதற்கென்று தனி வார்த்தை நமக்குத் தேவைப்படவில்லை. 'இதமா இருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அந்த வார்த்தைகளில் ஒரு சந்தேகம் உண்டு. எழுந்திருக்க அவசியமில்லாத நிலை என்றால், யாருக்கு?

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் நண்பர் ஒருவர் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். ஞாயிறு காலை. வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி. வீட்டுக்குள்ளே பாயசத்துக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒரு வாசனை. நண்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு வாஃபிள் மேக்கர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் ஃபோர்க்கால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு 'வாஃபிள் டே' என்றே பெயர்.

"அங்கிள், எங்கப்பா பண்ற வாஃபிள்தான் இந்த ஸ்டேட்லயே பெஸ்ட்" என்றாள் பெண். எட்டாவது படிக்கிறாள்.

ஒவ்வொரு வாஃபிளாகத் தட்டில் விழ விழக் கைதட்டல். நானும் தட்டினேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

நண்பரின் மனைவி என்ன செய்துகொண்டிருந்தார்? முட்டையை எடுத்துக் கொடுத்தார். "ஜாதிக்காய் எங்க வெச்சிருக்கே?" என்றதற்கு, "உங்க கண்ணுக்கு நேரே" என்று வந்து எடுத்துக் கொடுத்தார். சிரப்பைச் சூடு பண்ணினார். பையன் கொட்டின பாலைத் துடைத்தார். எல்லாம் முடிந்தபின், கட்டம் கட்டமான அந்த இடுக்குகளில் காய்ந்துபோன மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"நல்லா இருந்துதா அண்ணா?"

"பிரமாதம்மா."

"வருஷத்துல அம்பத்திரண்டு நாள் இவர் பண்றார். அதுக்கு வாஃபிள் டேன்னு பேர். மிச்சம் முன்னூத்திப் பதிமூணு நாள் நான் பண்றேன். அதுக்குப் பேரே இல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொஞ்ச நேரம் சுரண்டிவிட்டு, "இதுங்க ரெண்டும் நாளைக்கு எங்க இருந்தாலும், பட்டையும் சுக்கும் வாசனை வந்தா அப்பாவை நினைச்சுக்கும். என்னை எந்த வாசனைல நினைச்சுக்கும், சொல்லுங்க? தினமும் இருக்கிற வாசனை மூக்குக்குத் தெரியாதே."

பதில் சொல்லத் தெரியாமல் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி மட்டும் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது.

நண்பர் மேல் தப்பென்று சொல்லமாட்டேன். வாரம் பூராவும் ரயிலேறி நியூயார்க் போய் வருகிற மனுஷர், லீவு நாளில் தூங்காமல் எழுந்து பிள்ளைகளுக்கு மாவு கலக்குகிறார். ஆசையாகச் செய்கிறார். அதுவும் அன்புதான். கேள்வி அதுவல்ல. ஆசைப்பட்டபோது செய்கிற ஐம்பத்திரண்டு பெரிசா, ஆசை இருக்கிறதோ இல்லையோ செய்தாக வேண்டிய முன்னூற்றுப் பதிமூன்று பெரிசா?

இதற்கு ஜெர்மன் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் 1785லேயே மார்க் போட்டுவிட்டார். மனசுக்குப் பிடித்திருப்பதால் ஒருவன் நல்லது செய்கிறான் என்றால் சந்தோஷம், பாராட்டலாம். ஆனால் அதில் தார்மிக மதிப்பு என்று தனியாக எதுவும் இல்லை என்கிறார். மனசு வறண்டு, விருப்பம் செத்து, யார்மேலும் ஈரம் சுரக்காத ஒரு நாளிலும் 'இது என் கடமை' என்று எழுந்து அதே நல்லதைச் செய்கிறானே, அங்கேதான் மதிப்பு ஆரம்பிக்கிறது என்பது அவர் கட்சி. இந்தக் கணக்குப்படி வாஃபிளுக்கு ஸீரோ. புதன்கிழமை காலை ஆறரை மணிக்குத் தலைவலியோடு வார்க்கிற தோசைக்கு நூற்றுக்கு நூறு.

கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நியூ ஜெர்ஸிப் பெண்மணி கேட்டது மார்க் இல்லையே! 'நான் தார்மிக மதிப்புள்ளவளா' என்பதல்ல அவர் கவலை. 'நான் கண்ணுக்குத் தெரிகிறேனா' என்பது. காண்ட்டிடம் அதற்குப் பதில் இல்லை. காரணம், அவர் வீட்டிலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

காண்ட்டுக்கு லாம்பே என்று ஒரு வேலையாள். பழைய ராணுவ வீரர். தினமும் காலை ஐந்து மணிக்குக் காண்ட்டை எழுப்புவது அவர் வேலை. எவ்வளவு கெஞ்சினாலும் மறுபடி தூங்க விடக்கூடாது என்பது எஜமானரின் நிரந்தர உத்தரவு. எழுந்ததும் காண்ட்டுக்கு நீர்க்க ஒரு டீ, ஒரு பைப் புகையிலை. அதுதான் பிரேக்ஃபாஸ்ட். கடமையைப் பற்றி மனித குலம் எழுதிய மிகக் கறாரான புத்தகங்கள் அந்த டீக்குப் பிறகு எழுதப்பட்டவை. ஏறக்குறைய நாற்பது வருஷம் லாம்பே அந்த வீட்டில் இருந்தார். கடைசிக் காலத்தில் குடியும் சச்சரவுமாகி 1802ல் வேலையை விட்டு நீக்கப்பட்டார். பழக்க தோஷத்தில் அவர் பெயரே காண்ட் வாயில் வந்துகொண்டிருந்தது. ஞாபக மறதிக்காக வைத்திருந்த குறிப்புச் சீட்டில், லாம்பே என்கிற பெயரை இனி அறவே மறந்துவிட வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டாராம்! மறக்க வேண்டியதை ஞாபகமாக எழுதி வைத்துக்கொண்ட தத்துவ ஞானி. சிரிப்பும் வருகிறது, கஷ்டமாகவும் இருக்கிறது.

வாஃபிளுக்கே இதைவிடக் கனமான கதை ஒன்று உண்டு.

தாமஸ் ஜெஃபர்ஸன். எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பிற்பாடு ஜனாதிபதி. சாப்பாட்டு ரசிகர். 1784ல் தூதராகப் பாரிஸுக்குப் போனபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்கிற பத்தொன்பது வயதுப் பையனைக் கூட அழைத்துப் போனார், பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொள்ள. அந்தப் பையன் ஜெஃபர்ஸனின் அடிமை. ஐரோப்பாவில் இருந்த காலத்தில் ஜெஃபர்ஸன் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாஃபிள் அச்சு வாங்கினார். அமெரிக்காவுக்கு வாஃபிளைக் கொண்டுவந்ததே அவர்தான் என்று சில புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அது சரியில்லை. டச்சுக் குடியேறிகள் அதற்கு ரொம்ப முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். அந்த அச்சைப் பிடித்துக்கொண்டு தீ முன்னால் ஜெஃபர்ஸனா நின்றிருப்பார்?

ஜேம்ஸ் ஹெமிங்ஸ் விடுதலை கேட்டார். 1793ல் ஜெஃபர்ஸன் எழுதிக் கொடுத்த நிபந்தனை: உனக்குப் பதிலாக இன்னொருவனைச் சமையலில் தயார் செய்துவிட்டுப் போ. ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டரைத் தயார் செய்தார். தம்பியும் அடிமைதான். 1796 பிப்ரவரியில் விடுதலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் சமையலறைச் சாமான்களுக்குத் தன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதி வைத்தார். செப்புப் பாத்திரங்கள், மூடிகள், மீன் வேக வைக்கிற கொப்பரைகள். அதில் ஒரு வரி, வாஃபிள் அச்சுகள் மூன்று. அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. தான் நின்ற இடத்துக்கு ஒரு மனிதர் கொடுத்த ஒப்புதல் ரசீது.

1801ல் ஜெஃபர்ஸன் ஜனாதிபதியானதும், வெள்ளை மாளிகைச் சமையலுக்கு ஹெமிங்ஸை வரச் சொல்லி வேறு ஆட்கள் மூலம் கேட்டனுப்பினார். ஹெமிங்ஸ் மறுக்கவில்லை. நீங்களே உங்கள் கைப்பட எனக்கு நாலு வரி எழுதுங்கள், வருகிறேன் என்று பதில் அனுப்பினார். அந்த நாலு வரி வரவே இல்லை. ஆயுளில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதியவர் ஜெஃபர்ஸன். அந்த வருஷமே, முப்பத்தாறு வயதில், ஹெமிங்ஸ் இறந்துபோனார். தற்கொலை என்று ஜெஃபர்ஸனுக்குத் தகவல் வந்தது.

வேலையை யார் வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம். 'உன்னைத்தான் கூப்பிடுகிறேன்' என்று நேரில் சொல்வது வேறு. ஹெமிங்ஸ் கேட்ட நாலு வரியும், நியூ ஜெர்ஸிப் பெண்மணி கேட்ட வாசனையும் என் கண்ணுக்கு ஒன்றாகவே படுகின்றன. ஒருவர் அடிமையாகப் பிறந்தவர், இன்னொருவர் சொந்த வீட்டில் மகாராணி. நிலைமையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அதைக் குழப்பக் கூடாது. ஆனாலும் கேட்டது அதே பண்டம்.

இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் மாவில் துருவிப் போட்ட ஜாதிக்காய்க்கும் போக வேண்டியிருக்கும். பல நூற்றாண்டுகளாக உலகத்தின் ஜாதிக்காய் அத்தனையும் இந்தோனேஷியாவின் பாண்டா தீவுகள் என்கிற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்திலிருந்துதான் வந்தது. 1621ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு அங்கே இறங்கினான். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். மற்றவர்கள் வெட்டுப்பட்டும் பட்டினியிலும் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அல்லது அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பிறகு வேறு இடத்து அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டத்தை நடத்தினார்கள். டச்சு வீட்டுக் கணப்பில் கமகமவென்று வாசனை வந்ததற்கு விலை அது. பட்டையும் லேசுப்பட்டதில்லை. இலங்கையில் இன்றைக்கும் பட்டையை மெஷின் உரிப்பதில்லை. மழை பெய்து ஈரம் ஏறின கிளையை வெட்டி வந்து, தரையில் உட்கார்ந்து, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் கையால்தான் கழற்றுகிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு எப்படி ஸார் ஒரு வாய் சாப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில்: சாப்பிடலாம். ஜாதிக்காயைத் தூக்கிக் குப்பையில் போட்டால் பாண்டா தீவில் செத்தவன் ஒருவனும் எழுந்து வரப்போவதில்லை. அது தீர்க்க முடியாத கடன். தெரிந்து வைத்துக்கொள்ளலாம், வாயில் போடும்போது ஒரு விநாடி நினைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வருத்தப்படுவது நம்மை நாமே நல்லவனென்று தட்டிக்கொடுத்துக்கொள்கிற வேலை. எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். பாண்டா தீவுக்காகக் கண் கலங்குகிற அதே ஆசாமி, "இன்னொண்ணு முறுகலா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். தூரத்துக் கடன் மனசை உருக்குகிறது. பக்கத்துக் கடன் உறைப்பதே இல்லை. அதுவோ இன்றைக்கே, இந்த வேளையிலேயே தீர்க்கக்கூடிய கடன்.

அந்தக் கடனுக்கு அரசாங்கமே கணக்கு எடுத்து வைத்திருக்கிறது. யார் எதற்கு எத்தனை நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று மத்தியப் புள்ளியியல் துறை 2019ல் நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம். ஆண்கள் 97. அதுகூட வேலை செய்கிறவர்களுக்குள் எடுத்த சராசரி. நூறு ஆண்களில் அப்படி எதையாவது தொடுகிறவர்களே 26 பேர்தான். 2024ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களின் 299 நிமிஷம், 289 ஆகியிருந்தது. ஐந்து வருஷத்தில் பத்து நிமிஷம் லாபம்! இரண்டரை வாஃபிள் வார்க்கிற நேரம்.

மெஷின் வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்கிற அமெரிக்க வரலாற்றாசிரியை 1983ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த நம்பிக்கையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். இரும்பு அடுப்பு வந்தபோது மிச்சமானது விறகு பிளக்கிற வேலை. அது ஆண்கள் செய்தது. ஆலை மாவு வந்தபோது மிச்சமானது தானியத்தைச் சுமந்துபோய் அரைத்து வருகிற வேலை. அதுவும் பெரும்பாலும் ஆண்கள் செய்தது. நைஸான வெள்ளை மாவு சுலபமாகக் கிடைத்ததும், கேக்கும் மெத்தென்ற ரொட்டியும் செய்தாக வேண்டும் என்கிற எதிர்பார்ப்பு மட்டும் ஏறிக்கொண்டது. அதைச் செய்தது பெண்கள். மிக்ஸி, கிரைண்டர் வந்ததும் நம் வீடுகளில் சட்னி ஒன்று மூன்றானதே, அந்தக் கதைதான்.

அமெரிக்காவில் இன்னொரு தீர்வும் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவில் டோர்ஸா என்கிற சகோதரர்கள் 1953ல் உறைய வைத்த வாஃபிளைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்; 'எகோ' என்ற பெயர் அதற்குப் பிற்பாடுதான் வந்தது. டோஸ்ட்டரில் போடு, எடு, கடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடு. யாரும் நிற்க வேண்டாம். உண்மையில் யாரும் உட்காரவும் வேண்டாம்! நிற்கிறவர் பிரச்னையை, சேர்ந்து சாப்பிடுவதையே ஒழித்துத் தீர்த்துவிட்டார்கள். வேலைநாள் காலைகளுக்கு இது பெரிய உபகாரம், மறுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாது.

எனக்குப் பிடித்த தீர்வு அதற்கும் முந்தியது. கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவர் 1869 ஆகஸ்ட் 24-ல் வாங்கிய பேட்டன்ட், அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப் போடுகிற மாதிரி வாஃபிள் அச்சு. அதில் வார்ப்பவர் அடுப்பங்கரையை விட்டு நகர முடியாது. மின்சாரம் வந்தபின் 1920களில் வந்த வாஃபிள் மேக்கர்களை ஏதாவது மியூசியத்திலோ பழைய விளம்பரங்களிலோ பார்த்திருந்தால் ஒன்று கவனித்திருப்பீர்கள். நிக்கல் பூச்சு, கைப்பிடியில் வேலைப்பாடு, சிலதில் பூப்போட்ட பீங்கான் மூடிகூட. சமையலறைச் சாமானுக்கு எதற்கு இவ்வளவு ஒப்பனை? காரணம், அது சமையலறைச் சாமானே இல்லை. சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைப்பதற்காகச் செய்தது. மாவுப் பாத்திரம் பக்கத்தில். வார்க்கிறவரும் நாற்காலியில். ஆவி அடங்குகிற நாலு நிமிஷமும் பேச்சு. வருகிற வாஃபிளை நாலாகப் பிய்த்துப் பங்கு போட்டால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சூடாகக் கால் வாஃபிள், வார்த்தவருக்கும் சேர்த்து.

இதைத் தோசைக்குச் செய்ய முடியாதா என்று யோசித்துப் பார்த்தேன். காஸ் அடுப்பை மேஜைக்குக் கொண்டுவர முடியாது. இண்டக்ஷன் அடுப்பைக் கொண்டுவரலாம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும், எண்ணெய் தெறித்தால் மேஜை விரிப்பு பாழ். விரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு மூன்று தோசை வார்த்துவிட்டு அடுத்தவரிடம் கரண்டியைக் கொடுப்பது. பத்து வயசுப் பிள்ளைக்கும் தோசை வார்க்கத் தெரியும், கொஞ்சம் கோணலாக வரும், அவ்வளவுதானே?

இதைப் படித்துவிட்டுச் சிலர், எங்கள் வீட்டில் மனைவி நிற்பதில்லை, சமையலுக்கு ஆள் வருகிறார்கள் என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பப் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம். அந்த அம்மா ஏழு மணிக்கு உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமென்றால், ஐந்து மணிக்கே எங்கோ இன்னொரு அடுப்பு எரிந்து அணைந்திருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் தோசை ஆறி, மூடிபோட்டு, மேடையில் இருக்கிறது. "நீங்களும் சாப்பிடுங்கம்மா" என்று சொல்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அநேகமாகச் சமையலறைத் தரையில். மேஜையில் நாலு நாற்காலி காலியாக இருக்கும்போதும் ஏன் தரையில் என்று அவரைக் கேட்காதீர்கள், பதில் அவரிடம் இல்லை.

வாஃபிள் செய்து பார்க்கப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் பாக்கி. முதல் வாஃபிள் எப்படியும் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும், அச்சு சரியாகச் சூடேறியிருக்காது. வழக்கமாக அந்தப் பிய்ந்ததையும், கடைசியில் மாவு பத்தாமல் ஓரம் குறைந்து வருகிற எட்டாவதையும் வார்த்தவர்தான் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வார். இந்த முறை பிய்ந்ததைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் வருகிற நாலாவது, ஐந்தாவதுதான் பொன் நிறத்தில் இருக்கும். அதில் ஒன்றை வார்த்தவர் தட்டில் முதலில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கழுவுகிற வேலை. மின்சார மேக்கரைத் தண்ணீரில் முக்கக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறினபிறகு, கட்டங்களின் இடுக்கில் ஒட்டியிருப்பதைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும். கைதட்டு வாங்கியவரே செய்யலாம்.